ஒலிக்காவல் சங்கமும் அழகுமலையின் பாட்டுப் பெட்டியும்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று முதல் மதியம் ஒன்றரை வரை நான் காட்டுப்பன்றியாக இருந்தேன். யாரும் என்னைத் திட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்தும் முத்திரையும் உள்ள உத்தரவு இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன். மற்ற நாட்களில் நான் சின்னமனூர் மலையடிவார உழவர் ஒலிக்காவல் சங்கத்தில் எழுத்தர். பெயர் ஈஸ்வரபாண்டி.

சங்கம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேகமலை அடிவாரத்தில் மானாவாரிக் காடு வைத்திருப்பவனுக்குப் பன்றிதான் முதல் பங்காளி. கடலை காய் பிடிக்கும் பருவத்தில் இறங்கி வந்து, ஒரு ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். வேலியில் கலர் சேலை கட்டினால் நாலு நாளில் அதற்குப் பழகிவிடும். விளக்கு வைத்தால் அந்த வெளிச்சத்திலேயே தின்னும். மனுசக் குரல் ஒன்றுதான் அதற்கு லேசில் பழகாது. அதனால் காட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பெட்டியை வாங்கி மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அடுத்தடுத்த பதினோரு காட்டில் பதினோரு பெட்டி பாடியது. "உன் பாட்டுதாண்டா பன்னிய எங் காட்டுக்குள்ள தள்ளிவிடுது" என்று ஒருவர் கேட்க, இரண்டு மண்டை உடைந்து விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. இனிமேல் ஒரே மாதிரிப் பெட்டி, அதுவும் ஏழைக்குக் கட்டுபடியாகும் விலையில், சங்கம் தேர்ந்தெடுத்து முத்திரை குத்திய பெட்டிதான் கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். முத்திரை இல்லாத பெட்டி பறிமுதல். பன்றி தின்ற நட்டத்துக்கு அரசாங்கத்திடம் கேட்க சிபாரிசுக் கடிதமும் கிடைக்காது.

அந்த வாரமே முத்திரை செய்து வந்துவிட்டது. பித்தளையில், நல்ல கனம். அதைக் குத்துவதற்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கத் தேர்வுக் குழு ஒன்றும் அமைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து நாற்பத்து மூன்று கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். பெட்டிதான் இன்னும் அமையவில்லை.

அழகுமலை என்ற காட்டுக்காரரின் பெயரைச் சங்கத்து ஏட்டில் சென்ற ஆண்டு வரை நான் எழுதியதே இல்லை. அவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. அவரும் அவர் மனைவி சங்கிலியம்மாளும் இரண்டு ஏக்கர் காட்டுக்கு இரண்டு பேராகக் காவல் இருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மூலைக்குத்தானே காவல். அதனால் கிழக்கே வேப்பமரத்தடியில் அந்த அம்மாள், மேற்கே பரணில் இவர். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் இவர், "ஏ சங்கிலி, இருக்கியா?" என்பார். "இருக்கேன், இருக்கேன். நீங்க இருக்கீகளா?" என்று அங்கிருந்து வரும். இவருக்கு அதற்கு மேல் பேச வராது. அந்த அம்மாளோ விடாது. மகள் ஜோதிகாவின் மாமியார் சொன்னது, ரேசன் கடையில் நடந்தது, இவருடைய தம்பி பேசிய பேச்சு, எல்லாவற்றையும் இரண்டு ஏக்கர் தூரத்துக்கு எட்டும்படி சொல்லிக்கொண்டிருக்கும். முப்பது வருடத்தில் ஒரு பன்றி அந்தக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுச் சங்கதி அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்கும் அதுவே காரணம்.

சென்ற ஆண்டு ஆடிப் பட்டத்தில் சங்கிலியம்மாள் கடலை ஊன்றியது. முந்தைய வருடத்துக் காயில் திரட்சியானதாகப் பார்த்துத் தானே பொறுக்கி எடுத்துவைத்த விதை. ஆவணியில் அதற்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் தேனிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அழகுமலை காட்டுக்குப் போனபோது செடி பூத்து நின்றது. அவள் ஊன்றிய கடலையைப் பன்றி வாயில் விடாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த வருடம் அவருக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பரணில் ஏறி உட்கார்ந்தார். வழக்கம் போலக் கூப்பிட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கூப்பிட்டால் பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைக் காதாலும் கேட்க மனசுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே ஊமையாக நாலு ராத்திரி உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ராத்திரி பன்றி வந்துவிட்டது.

மறுநாள் தேனிக்குப் பஸ் ஏறினார். வீரபாண்டியைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் கௌமாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "எனக்கும் ஆத்தாளுக்கும் ஒரு வழக்கு ஓடுது தம்பி. அது தீரட்டும்னு இருக்கேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிங்ஸ்லி என்பவர் செல்போனும் பாட்டுப் பெட்டியும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது பாருங்கண்ணே. பேஸ் போட்டா நெஞ்சுல இடிக்கும்."

"நெஞ்சுல இடிக்க வேணாம்ப்பா."

"இந்தா, இதுல கலர் லைட்டு. பாட்டுக்குத் தக்கன ஆடும்."

"லைட்டு வேணாம்."

"ஒங்களுக்கு எதுதாண்ணே வேணும்?"

"பொம்பள பேசுனா பொம்பளதான் பேசுதுன்னு தெரியணும். வெலை கம்மியா இருக்கணும்."

கிங்ஸ்லி பரண் மேலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். செங்கல் அளவுதான் இருக்கும். பழைய மாடல், பாட்டுக்கு ஆகாது, செய்தி கேட்கத்தான் லாயக்கு, பேச்சு மட்டும் தெளிவாக இருக்கும் என்றார். அழகுமலை அதைக் காதோடு வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். இதையே கொடு என்றார். என்ன பாட்டு ஏற்றட்டும் என்று கிங்ஸ்லி கேட்டதற்கு, "பாட்டு வேணாம்ப்பா. ரெண்டு பேரு பேசிக்கிறது இருந்தா ஏத்து. ஒருத்தரு சொல்லணும், இன்னொருத்தரு அத எதுத்துச் சொல்லணும்" என்றார். கிங்ஸ்லி யோசித்துவிட்டு, குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது ஆணா பெண்ணா என்று ஒரு பட்டிமன்றத்தை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார். பெட்டியைத் தேர்ந்தெடுக்க அழகுமலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சங்கத்துக்கு ஐந்து வருடம் ஆகியும் முடியவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வேப்பமரத்தில், அந்த அம்மாள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே பெட்டியைக் கட்டினார். இரண்டு ராத்திரி பன்றி வரவில்லை. மூன்றாம் நாள் காலை சங்கச் செயலாளர் தங்கப்பாண்டியன் ஜீப்பில் போய் அதை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே அழகுமலை பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார்.

"முத்திரை இல்லையே, பாத்தீகளா?" என்றார் செயலாளர்.

"முத்திரை எங்கனய்யா குத்துவாக?"

"இங்கனதான்."

"அப்ப குத்திக் குடுத்துருங்க."

"குழு தேர்ந்தெடுத்த பெட்டியிலதான் குத்த முடியும்."

"குழு எந்தப் பெட்டியத் தேர்ந்தெடுத்துருக்காக? அதையே வாங்கிக்கிறேன்."

"இன்னும் தேர்ந்தெடுக்கல. அவசரப்பட்டு ஒண்ணத் தேர்ந்தெடுத்துப்புட்டா அப்புறம் குழு எதுக்கு? அதை நம்பி நாலு குடும்பம் இருக்குல்ல" என்றார் செயலாளர். அவர் எதையும் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை.

ஒரு வழி மட்டும் இருந்தது. இந்தப் பெட்டியையே தேர்வுக்கு அனுப்பச் சொல்லி அழகுமலை மனுக் கொடுக்கலாம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். அதில் ஏழாவது கேள்வி, காவலுக்கு எத்தனை பேர் என்பது. கேட்டேன். "ரெண்டு பேரு" என்றார். நானும் 2 என்று எழுதினேன்.

பத்து நாளில் மனு திரும்பி வந்தது. இரண்டு பேர் காவல் இருந்தால் அவர்களே பேசிக்கொள்ளலாம், பெட்டிக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதியிருந்தது. அழகுமலை அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "வாய் பழக்கத்துல சொல்லிப்புட்டேன் தம்பி. ஒரு ஆளுதான்" என்றார்.

வாயால் சொன்னால் எண் மாறாது. 2 என்பதை 1 ஆக்க மூன்று தாள் கேட்டார்கள். சங்கிலியம்மாள் இறந்த சான்று, அசல். மனுதாரர் தனியாள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று. மனுதாரர் காட்டில் யாருடனும் பேசுவதில்லை என்று பக்கத்துக் காட்டுக்காரர் இருவரின் கையெழுத்தோடு ஒன்று. மூன்றாவதற்கு மௌனச் சான்று என்று பெயர். பேசாததை அவர்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. பாவம், அந்த இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்கப் பொழி வரப்பில் உட்கார்ந்து அவர் பேசாததைக் கேட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் என்னிடம், "இனிமே இந்த மாதிரி கையெழுத்துக்கு என்னியக் கூப்புடாதீக. மனுசன் வாயத் தெறக்குறாரு, மூடுறாரு. பாத்துக்கிட்டு உக்கார முடியல" என்றார். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

அடுத்தது பரிசோதனை. பெட்டிக்குப் பன்றி பயப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டுப்பன்றி வனத்துறைக்குச் சொந்தம், அனுமதி கேட்டு வாங்குவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். வளர்ப்புப் பன்றி என்றால் அதைக் காட்டுப்பன்றி என்று ஒப்புக்கொள்ள முடியாது. நானோ சங்கத்துக்குச் சொந்தம். 'தொழில்நுட்பப் பரிசோதனையின் பொருட்டு எழுத்தர் ஈஸ்வரபாண்டி பன்றியாகச் செயல்படுவார். முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புவார். இதற்கெனத் தனிப்படி கிடையாது' என்று உத்தரவு வந்தது.

தொழில்நுட்ப ஆலோசகர் சூரியபிரகாஷ் கோயம்புத்தூரில் படித்தவர். ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் என்னை மண்டி போட வைத்துவிட்டு, "பன்னியோட மனநிலைக்கு வாங்க" என்றார்.

"வந்துட்டேன் சார்."

"பசிக்குதா?"

"பசிக்குது சார்." அது நிசம்.

"இப்பப் பெட்டியப் போடுறேன். பயம் வந்தா ஓடணும். வராட்டி ஓடக் கூடாது. நடிக்கக் கூடாது."

பட்டிமன்றம் ஓடியது. பெண்கள் அணியில் ஓர் அம்மாள் பேசினார். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஆனால் நாட்டை எப்படி நடத்த வேண்டும் என்று மட்டும் தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்து என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் பக்கத்திலும் போய்விட்டேன். சூரியபிரகாஷ் குறித்துக்கொண்டார். அறிக்கையில் இப்படி இருந்தது: 'ஒலி எழுந்தபோது பன்றி விலகவில்லை. மாறாக நெருங்கி வந்து சிரித்தது. எனவே கருவி ஏற்றதே, அதில் உள்ள பேச்சு ஏற்றதல்ல.'

அன்றைக்கு ராத்திரி பன்றி இறங்கி, அழகுமலை காட்டில் கிழக்கே கால்வாசியைக் கிளறிவிட்டது.

மறுநாள் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பி, நீங்க சிரிச்சுட்டீகளாம்ல."

"ஆமாண்ணே" என்றேன்.

"உப்பு டப்பா எடத்துலயா?"

"ஆமாண்ணே."

"அந்த எடத்துல எனக்கும் சிரிப்பு வரும். சங்கிலி இத அச்சு அசலா இப்படித்தான் சொல்லுவா" என்றார். கோபப்படுவார், நாலு வார்த்தை ஏசுவார் என்று நினைத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பெட்டிக்குள் எந்த ஒலியை வைப்பது என்று முடிவு செய்ய உள்ளடக்கக் குழு கூடியது. நான் குறிப்பு எழுதினேன். சாமி பாட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, எந்தச் சாமி என்று மற்றவர் கேட்க, அது அத்துடன் நின்றது. சினிமாக் காதல் பாட்டைக் கேட்டால் பன்றிக்கு ஆசை கிளம்பிப் பெருகிவிடும் என்று சூரியபிரகாஷ் எச்சரித்தார். கும்மிப் பாட்டு என்றால் எந்தத் தெருக் கும்மி என்று நாளைக்குச் சண்டை வரும். தாலாட்டுப் போட்டால் அது அங்கேயே படுத்துத் தூங்கும். ஒப்பாரி பொருத்தமாக இருக்கும், பன்றிக்கே மனசு கேட்காது என்றார் ஒரு பெரியவர். விளைகிற காட்டில் அமங்கலம் கூடாது என்று அதையும் தள்ளினார்கள். செய்தி வைத்தால் கட்சி வரும். இப்படியாக மனிதக் குரலில் உள்ள எல்லாவற்றையும் மூன்று கூட்டத்தில் தள்ளி முடித்த பிறகு செயலாளர் எழுந்து, நம் சங்கத் தலைவரின் பேச்சு இருக்கிறதே என்றார். ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது.

அதற்குள் காட்டில் பாதி போய்விட்டது.

பெட்டி வழங்கும் விழா ஐப்பசி முதல் வாரம் சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெட்டியைத் தலைவர் தம் கையால் அழகுமலைக்கு வழங்கினார். அது கிங்ஸ்லி கடையில் அழகுமலை வாங்கிய அதே சாம்பல் நிறப் பெட்டிதான். மேலே தலைவர் படம் ஒட்டி, பக்கத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் தாமே கட்டியிருந்த சணல் கயிறு அப்படியே இருப்பதைக் கண்டு என்னைப் பார்த்தார். நான் மேடையில் பூமாலையை எண்ணுவதாகப் பாவனை செய்தேன்.

தலைவர் பேசினார். அதைப் பதிவு செய்துதான் பெட்டியில் ஏற்றுவதாக ஏற்பாடு.

"உழவர் பெருமக்களே, பன்றி நமக்கு எதிரி அன்று. பன்றி இல்லையென்றால் இந்தச் சங்கம் ஏது, இந்த ஜீப் ஏது, நான்தான் ஏது? நான் பேச எழுந்தால் மனிதர்களே இருப்பதில்லை, பன்றி எம்மாத்திரம் என்று என் துணைவியார் பெருமையாகச் சொல்வார். ஏழைக்கு ஏற்ற விலையில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஐந்து ஆண்டுகள் உழைத்தோம். அதில் ஒரு நாள்கூட நாங்கள் அவசரப்படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இருட்டில் தனியே நிற்கும் உழவனே, கலங்காதே. நான் இருக்கிறேன்."

கை தட்டினார்கள். அழகுமலையும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

இரண்டு வாரம் கழித்துக் கண்காணிப்புப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க நான் அவர் காட்டுக்குப் போனேன். அவசியம் நான் போக வேண்டும் என்றில்லை. சிரித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தில் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. பரணில் இருந்து அழகுமலையும் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஐந்து ஆண்டுகள் உழைத்தோம்" என்றது பெட்டி.

"ஒழைச்சீக, ஒழைச்சீக. பாதிக் காடு போச்சு" என்றார் இவர்.

பிறகு என்ன நினைத்தாரோ, குரல் மாறியது. "ஏ சங்கிலி, மேக்க இருக்கிறது தப்பிச்சிருச்சு. காய் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஒன் மககிட்டச் சொல்லிட்டேன். உப்பு டப்பாவக் கண்டுபிடிச்சிட்டேன், அடுப்புக்குப் பின்னாடி வச்சிருக்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல." அப்புறம் மெதுவாக, "இருக்கியா?" என்றார்.

பெட்டிக்கு எங்கே தெரியும். அது தன் பாட்டுக்கு ஓடி, அந்த இடத்துக்கு வந்து, "கலங்காதே. நான் இருக்கிறேன்" என்றது.

என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். கூச்சமாக இருந்தது அவருக்கு. "அவுக பேசுறாக, நான் ஊமையா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? எவனோ ஒருத்தன் எங் காட்டுல கத்துறான், நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீகளேன்னு அவ ஏசுவா. அதான் நாலு வார்த்த" என்றார். நான் பதிவேட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். நடந்து ரோட்டுக்கு வரும் வரை அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என் அம்மா இறந்து ஆறு வருடமாகிறது, நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அப்போது தோன்றியது.

கார்த்திகை பிறந்ததும் சங்கத்தின் ஆய்வு. செயலாளரும் நானும் காலை பத்து மணிக்குப் போனோம். அழகுமலை செடியைப் பிடுங்கி, காயை உதறிக் குவித்திருந்தார். மிஞ்சியது பாதிக் காடுதான். ஆனால் ஐப்பசியில் பெட்டி கட்டிய நாளிலிருந்து ஒரு செடியைக்கூடப் பன்றி தொட்டிருக்கவில்லை. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"எழுதிக்கப்பா. தலைவர் பேச்சுக்குப் பயந்து பன்னி ஒண்ணுகூட அண்டல. மாநில அளவுல கொண்டுபோயிருவோம்" என்றார்.

நான் பெட்டியைப் பார்க்க வேப்பமரத்துக்குப் போனேன். ஒலி வரும் துளையை அடைத்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூடு காய்ந்து கெட்டியாகிச் சில நாள் ஆகியிருந்தது. தலைவர் படத்தில் பாதியை மழை கரைத்திருந்தது. அழகுமலை பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்பண்ணே நின்னுச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஐப்பசி அடைமழையில நின்னுருக்கும் போல தம்பி. நான் கவனிக்கல. பேசிக்கிட்டே இருந்தனா, கவனிக்கவே இல்ல."

செயலாளர் கூப்பிட்டார். ஆய்வை முடிப்பதற்கு முன்னால் பழைய படிவத்தையே இன்னொரு தரம் கேட்டு நிரப்ப வேண்டும். ஏழாவது கேள்வி வந்தது.

"காவலுக்கு எத்தனை பேருண்ணே?"

"ரெண்டு பேரு" என்றார்.

செயலாளர் சிரித்தார். "யோவ், திரும்பத் தப்பாச் சொல்றீரு. ரெண்டுன்னா பெட்டிக்கு ஒமக்குத் தகுதியில்ல. எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."

"எடுத்துக்கங்க."

"ரெண்டாவது ஆளு யாரு?"

"சங்கிலியம்மாள்."

"அந்தம்மாதான் செத்துப்போச்சே. சான்று இருக்குல்ல."

"சான்று ஒங்ககிட்டத்தானய்யா இருக்கு" என்றார் அழகுமலை. "எங்கிட்ட இல்ல."

செயலாளர் என்னைப் பார்த்தார். ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார் என்று விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டினார். 1 என்று போடச் சொன்னார். நான் ஐந்து வருடமாக அவர் சொன்னதை எழுதியவன். அவர் சொல்லித்தான் பன்றியாகக்கூட இருந்தேன். அன்றைக்கு 2 என்று எழுதி, அழிக்க முடியாதபடி பேனாவை அழுத்தினேன். செயலாளர் படிக்கவில்லை. அவர் எப்போதும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார்.

அழகுமலை பெட்டியை அவிழ்த்து, துண்டால் மண்ணைத் துடைத்து, குளவிக் கூட்டை மட்டும் உடைக்காமல் என் கையில் கொடுத்தார். குவியலில் குனிந்து திரட்சியான காயாக இரண்டு கை அள்ளி ஒரு மஞ்சப்பையில் தனியாகப் போட்டார். வீட்டுக்கு அரை மூட்டைதான் தேறும், ஆனாலும் அடுத்த ஆடிக்கு ஊன்ற விதைக்கு ஆச்சு என்றார். பைக்கு வாய்கட்டும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. துண்டில் மண் இருந்ததால் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் பொழியில் ஏறி ஜீப்பை நோக்கி நடந்தோம். பாதி தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து, நல்ல வெயிலில், அடிவாரம் முழுக்கக் கேட்கும்படி அவர் குரல் வந்தது.

"இருக்கியா?"

செயலாளர் சட்டென்று திரும்பினார். "என்னங்கிறாரு? நம்மளயா?"

"ஒங்கள இல்ல சார்" என்றேன்.